தக்கையும் மூங்கிலும்: வளரும் வளத்தின் பொருளாதாரம்

இயற்கை வளங்களை இரு வகையாகப் பிரித்துக் கூறுவது பொருளியல் நூல்களின் வழக்கம். எடுத்தால் தீர்ந்து போவன ஒரு வகை. எடுத்தாலும் மீண்டும் வளர்வன மற்றொரு வகை. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் முதல் வகையைச் சார்ந்தவை. மரமும் புல்லும் மீனும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. மாணவர்க்கு இப்பிரிவினை எளிதில் விளங்கும். ஆயினும் நடைமுறையில் இது முழு உண்மையாகாது. மீண்டும் வளரக்கூடிய வளத்தையும் தீர்த்துவிட முடியும் என்பதை நம் காடுகளே காட்டியுள்ளன. எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுப்பவருக்கும் காப்பவருக்கும் என்ன கிடைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு சமுதாயம் தரும் விடையைப் பொறுத்தே அவ்வளம் நிலைப்பதும் அழிவதும் அமைகின்றன.

இதனை விளக்க இரு எடுத்துக்காட்டுகளை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். ஒன்று, மத்தியதரைக்கடலின் மேற்கு நாடுகளில் நடைபெறும் தக்கைத் தொழில். மற்றொன்று, கர்நாடகக் காடுகளின் மூங்கில். இவ்விரு பொருள்களும் இன்று புதிய கட்டடங்களிலும் அறைகலன்களிலும் பெரிதும் விரும்பப்படுகின்றன. 2022 நவம்பரில் திறந்து வைக்கப்பட்ட பெங்களூர் கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில், கூரையின் உட்புறம் பதப்படுத்திய மூங்கிலால் அணி செய்யப்பட்டிருப்பது இவ்விருப்பத்திற்குச் சான்று. சிமெண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாக இயற்கைப் பொருள்களை நாடுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்நாட்டம் காட்டைக் காக்குமா, கரைக்குமா என்பதை அறிய இவ்விரு பொருள்களின் வரலாறு துணை செய்யும்.

தக்கை என்பது யாது?

தமிழில் தக்கை என்னும் சொல் நீரில் மிதக்கும் எடை குறைந்த எப்பொருளையும் குறிக்கும். தூண்டிற் கயிற்றில் கட்டுவதும் தக்கை. புட்டியின் வாயை அடைப்பதும் தக்கை. நாம் இங்குக் கூறுவது, கடைகளில் 'கார்க்' என வழங்கும் பொருளை. இது ஓக் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வெளிப்பட்டை. தாவரவியலார் அம்மரத்திற்கு இட்ட பெயர் குவெர்க்கஸ் சூபெர். போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, இத்தாலி, பிரான்சு ஆகிய நாடுகளில் இது இயற்கையாக வளர்கிறது. உலகில் ஏறத்தாழ 21 இலட்சம் எக்டேர் பரப்பில் இக்காடுகள் உள்ளன. அதில் மூன்றில் ஒரு பங்கு போர்ச்சுகலில் இருக்கிறது. ஆண்டுதோறும் கிடைக்கும் ஏறத்தாழ 2 இலட்சம் டன் தக்கையில் பாதி அச்சிறு நாட்டிலிருந்தே வருகிறது.

நம் நாட்டில் இம்மரம் வணிக அளவில் பயிராவதில்லை. எனினும் தக்கை நமக்கு அயற்பொருளன்று. கிரிக்கெட் பந்தின் உட்கரு தக்கையால் ஆனது. பிரகாஷ் படுகோன் என்னும் பெங்களூர் வீரர் 1980-இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற பூப்பந்தாட்டத்தில், இறகுப் பந்தின் அடிப்பகுதியும் தோல் போர்த்திய தக்கையே. மோட்டார் எஞ்சின்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'கேஸ்கட்' அட்டைகளிலும் தக்கைத் துகள் பயன்பட்டு வந்துள்ளது.

இப்பட்டையின் சிறப்புக்குக் காரணம் அதன் நுண்ணமைப்பு. 1665-இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதிலுள்ள சிற்றறைகளுக்கு 'செல்' எனப் பெயரிட்டார். உயிரியலின் அடிப்படைச் சொல் இவ்வாறே பிறந்தது. ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் ஏறத்தாழ 4 கோடி அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் காற்று அடைபட்டுள்ளது. அறைச் சுவர்களில் சூபெரின் என்னும் மெழுகு போன்ற பொருள் செறிந்துள்ளது. ஆகவே தக்கை நீரில் மிதக்கிறது, நீரை உறிஞ்சுவதில்லை, வெப்பத்தையும் ஒலியையும் எளிதில் கடத்துவதில்லை, அழுத்தினால் சுருங்கி, விட்டால் மீள்கிறது. காட்டுத் தீயிலிருந்தும் வறட்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அம்மரம் வளர்த்துக்கொண்ட கவசத்தையே மனிதன் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறான்.

ஒன்பது ஆண்டு விதி

தக்கை மரத்தை வெட்டுவதில்லை. அதன் பட்டையை மட்டும் உரிக்கின்றனர். மரம் ஏறத்தாழ 25 வயதை எட்டியபின் முதன்முறை உரிக்கலாம். அதன்பின் பட்டை முழுத் தடிப்புக்கு வளர ஒன்பது ஆண்டுகள் வேண்டும். முதல் இரு முறைகளில் கிடைக்கும் பட்டை கரடுமுரடானது. புட்டித் தக்கைக்கு உதவாது. மூன்றாம் முறை உரிக்கும்போதுதான் உயர்ந்த தரம் கிடைக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், நட்ட நாளிலிருந்து நல்ல விளைச்சலைக் காண 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நடுபவன் பெரும்பாலும் தன் மகனுக்காகவும் பெயரனுக்காகவுமே நடுகிறான். அதன்பின் அம்மரம் நூறு ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும்.

இந்நீண்ட காலக் கணக்கில் ஒருவர் அவசரப்பட்டாலும் வளம் குலையும். ஆகவே போர்ச்சுகல் அரசு இதனைச் சட்டத்தால் நெறிப்படுத்தியுள்ளது. ஒன்பது ஆண்டு இடைவெளிக்குக் குறைவாகப் பட்டை உரிக்கலாகாது. மார்பளவு உயரத்தில் 70 சென்டிமீட்டர் சுற்றளவு இல்லாத மரத்தைத் தொடலாகாது. அரசின் இசைவின்றி மரத்தை வெட்டலாகாது. தன் சொந்த நிலத்தில் நிற்கும் மரமாயினும் இவ்விதி பொருந்தும். 2011-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனைத் தேசிய மரமாகவும் அறிவித்தது.

சட்டத்தைக் காட்டில் நிறைவேற்றும் முறை மிக எளியது. பட்டை உரித்த மரத்தின் மீது அவ்வாண்டின் கடைசி எண்ணை வெள்ளை வண்ணத்தால் எழுதிவிடுவர். 2024-இல் உரித்த மரத்தில் 4 என்று இருக்கும். அவ்வழியே செல்லும் எவரும் அம்மரம் மீண்டும் 2033-இல்தான் உரிக்கத் தக்கது என அறிந்துகொள்ளலாம். பதிவேடு அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. மரத்தின் மேலேயே இருக்கிறது.

உரிக்கும் வேலை கோடைக்காலத்தில் நடைபெறுகிறது. அப்போது மரம் சுறுசுறுப்பாக வளர்வதால் வெளிப்பட்டை எளிதில் பிரியும். கோடரியால் பட்டையைக் கீறி, கோடரிக் காம்பால் நெம்பிப் பெயர்க்கின்றனர். உட்பட்டையில் வெட்டு விழுந்தால் அவ்விடத்தில் மீண்டும் நல்ல தக்கை வளராது. எந்திரங்கள் பல வந்தும், இவ்வேலை பெரும்பாலும் தேர்ந்த கைகளையே நம்பியுள்ளது. ஐரோப்பிய வேளாண் வேலைகளில் மிகுந்த கூலி பெறுவனவற்றுள் இது ஒன்று என்பது கருதத்தக்கது. மரத்தைக் காயப்படுத்தாத கைக்கு உரிய விலை தரப்படுகிறது.

கழிவில்லாத் தொழில்

உரித்த பட்டைகளைச் சில மாதங்கள் வெயிலிலும் மழையிலும் அடுக்கி வைத்துப் பின்னர்க் கொதிநீரில் வேகவைப்பர். அவை மிருதுவாகித் தட்டையாகும். அவற்றிலிருந்து புட்டித் தக்கைகளைத் துளைத்து எடுப்பர். பலகையில் பெரும்பகுதி துண்டும் துகளுமாக எஞ்சும். அத்துகளே இரண்டாம் தொழிலின் மூலப்பொருள். பிசினுடன் கலந்து அழுத்தினால் தரை ஓடுகளும் சுவர்ப் பலகைகளும் கிடைக்கும். ஆளிவிதை எண்ணெயுடன் தக்கைத் தூளைக் கலந்து 1860-களில் உருவாக்கப்பட்டதே 'லினோலியம்' என்னும் தரைவிரிப்பு. எஞ்சிய மெல்லிய தூள் ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது.

இவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது விரிதக்கைப் பலகை. 1891-இல் நியூயார்க்கில் ஜான் ஸ்மித் என்பவர் இதனைத் தற்செயலாகக் கண்டறிந்தார். தக்கைத் துகளை மூடிய கலத்தில் உயர் வெப்பத்திற்கு உட்படுத்தினால் துகள்கள் விரிந்து, தம்முள் இருக்கும் சூபெரினாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வேறு பசை எதுவும் வேண்டுவதில்லை. கட்டடங்களில் வெப்பக் காப்புக்கு இப்பலகை பயன்படுகிறது.

இப்பொருளைக் கட்டடத்தின் உள்ளே மறைத்து வைக்காமல் முகப்பிலேயே காட்டும் போக்கு அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. 2000-இல் ஹானோவரிலும் 2010-இல் ஷாங்காயிலும் நடைபெற்ற உலகக் கண்காட்சிகளில் போர்ச்சுகல் தன் அரங்குகளுக்குத் தக்கையைப் பயன்படுத்தியது. இங்கிலாந்தில் ஈட்டன் நகரில் 2019-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரு வீட்டில், விரிதக்கைக் கட்டிகளே சுவரும் கூரையுமாக அமைந்துள்ளன. அக்கட்டிகள் பசையோ சாந்தோ இன்றிப் பொருத்தப்பட்டவை. வீடு பயனற்றுப் போகும் காலத்தில் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அதன் வடிவமைப்பின் நோக்கம்.

தேவை குறைந்தால் காடு வாழுமா?

ஒரு காட்டுப் பொருளைக் குறைவாகப் பயன்படுத்தினால் காடு பிழைக்கும் என்பது பொதுவான கருத்து. தக்கையின் அனுபவம் இதற்கு மாறானது. புட்டித் தக்கையால் சில வேளைகளில் மதுவின் மணம் கெடுவதாகக் குறைகள் எழுந்ததன் விளைவாக, 1990-களிலும் அதன் பின்னரும் பிளாஸ்டிக் அடைப்பான்களும் திருகு மூடிகளும் பரவின. தக்கையின் விலை சரிந்தால் நிலவுடைமையாளர் மரங்களைப் பேணாது கைவிடுவர். காலப்போக்கில் வேறு பயிருக்கு மாறுவர். அம்மரங்களை அண்டி வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்னும் அரிய காட்டுப்பூனை முதலிய உயிரினங்களும் இடமிழக்கும் என இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் 2006-இல் எச்சரித்தன. எனவேதான் தரை, சுவர், அறைகலன், காலணி எனப் புதிய பயன்களைத் தேடுவது அந்நாடுகளுக்கு அழகுணர்ச்சி சார்ந்த முயற்சி மட்டுமன்று. காட்டைக் காக்கும் பொருளாதார முயற்சியும் ஆகும்.

தேவை காட்டைக் காத்ததற்குக் காரணம், அத்தேவைக்கு முன்னரே விதி இருந்தமையும், விலை காட்டைப் பேணுவோரைச் சென்றடைந்தமையும் ஆகும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை.

கர்நாடக மூங்கிலின் கதை

பெங்களூரின் சாலையோரங்களில் உயர்ந்து வளர்ந்து, இரவில் நறுமண வெண்மலர்களை உதிர்க்கும் மரமல்லியை ஆங்கிலத்தில் 'இந்தியத் தக்கை மரம்' என்றே அழைப்பர். அதன் பட்டை தக்கைக்குத் தாழ்ந்த மாற்றாகப் பயன்பட்டதுண்டு. பெருந்தொழில் எதற்கும் அது அடிப்படையாகவில்லை. எடை குறைந்த, விரைவில் மீண்டும் வளரும், பல்வகைப் பயன்தரும் பொருள் என்ற வகையில் நம் நாட்டில் தக்கைக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது மூங்கிலே. இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கையின்படி நாட்டில் மூங்கில் காணப்படும் பரப்பு ஏறத்தாழ 1.49 இலட்சம் சதுர கிலோமீட்டர்.

மூங்கிலும் தனக்குரிய ஒரு நாட்காட்டியை உடையது. மண்ணிலிருந்து எழும் முளை ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும்; ஆனால் அது முற்றி வலுப்பெற மூன்று ஆண்டுகளேனும் ஆகும். முற்றிய கழிகளை மட்டும் தேர்ந்து வெட்டி, இளங்கழிகளை விட்டுவைத்தால் மூங்கிற் குத்து ஆண்டுதோறும் முளைவிடும். முழுவதையும் ஒரேயடியாக வெட்டினால் குத்து நலியும். கூடையும் முறமும் முடையும் மேதர் சமூகத்தார் இதனைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். பெங்களூர்க் கண்டோன்மெண்ட் பகுதியில் பாம்பூ பஜார் என ஓர் அங்காடிக்கே பெயர் அமையுமளவுக்கு நகர வாழ்வில் மூங்கில் கலந்திருந்தது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு வைக்கும் 'சந்திரிகை' என்னும் வட்டத் தட்டும் மூங்கிலால் முடைந்ததே. பல இடங்களில் இன்று அதன் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துள்ளது.

விடுதலைக்குப் பின் காகிதத் தொழில் வளர்ந்தபோது மூங்கில் அதன் மூலப்பொருளாயிற்று. 1950-களின் இறுதியில் வடகன்னட மாவட்டத்துத் தண்டேலியில் இயங்கத் தொடங்கிய காகித ஆலைக்கு, அரசுக் காடுகளின் மூங்கில் மிகக் குறைந்த உரிமைத் தொகைக்கு வழங்கப்பட்டது. கூடை முடைபவரோ அதே மூங்கிலைச் சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மூங்கில் அருகி வருவதாக எழுந்த முறையீடுகளை அடுத்து, 1970-களின் நடுவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மாதவ் காட்கிலும் நரேந்திர பிரசாதும் இதனை ஆராய்ந்தனர்.

அவர்களின் முடிவுகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஆண்டுதோறும் கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட விளைச்சல், காடு தரக்கூடிய அளவைவிட மிக அதிகமாக மதிப்பிடப்பட்டிருந்தது. மேலும், மூங்கிற் குத்தின் அடியில் பின்னிக் கிடக்கும் முட்கிளைகளை அகற்றித் துப்புரவு செய்தால் குத்து நன்கு வளரும் எனக் கருதி வனத்துறை அவ்வாறே செய்து வந்தது. முள்வேலி போனால் மாடுகளும் காட்டு விலங்குகளும் இளமுளைகளைத் தின்றுவிடும் என்று சிற்றூர் மக்கள் கூறினர். ஆய்வு மக்கள் கூற்றையே மெய்ப்பித்தது. அருகிலிருந்த காடுகள் வறண்டபின், மூங்கில் மேலும் மேலும் தொலைவான பகுதிகளிலிருந்து தருவிக்கப்பட்டது. ஆலைக்கு அடுத்த காடு இருந்தது. முடைபவருக்கு அது இல்லை.

பொருளியல் நோக்கில் இதன் காரணம் வெளிப்படை. மூலப்பொருள் ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்குமாயின், அதனைப் பேணிப் பயன்படுத்த வாங்குபவருக்கு ஊக்கம் பிறப்பதில்லை. உரிமையற்ற சிற்றூராருக்குக் காக்கும் அதிகாரமும் இல்லை. வட்டியை மட்டும் உண்ண வேண்டிய இடத்தில் அசலையே உண்ட கணக்கு இது.

ஆய்வகம் தந்த புதிய வடிவங்கள்

இதே பெங்களூரில் 1962-இல் தொடங்கப்பெற்ற இந்திய பிளைவுட் தொழில் ஆராய்ச்சி நிலையம், மூங்கிலுக்கு வேறொரு வழியைக் காட்டியது. மூங்கிற் சிம்புகளைப் பாயாக முடைந்து, செயற்கைப் பிசினில் நனைத்து, பல அடுக்குகளாக வைத்துச் சூடேற்றி அழுத்தினால் உறுதியான பலகை கிடைக்கிறது. இம்மூங்கிற்பாய்ப் பலகைக்கு 1994-இல் இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக்கு மாற்றாக, கூரைக்கு உதவும் மூங்கில் நெளிதகடும் பின்னர் உருவாக்கப்பட்டது. பாய் முடைதல் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையாதலின், சிற்றூர்ப் பெண்டிர்க்கு இதனால் வருவாய் கிடைக்கிறது.

விரிதக்கையோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. தக்கை தன் பிசினைத் தானே தருகிறது. மூங்கிற் பலகைக்குப் பீனால் வகைப் பிசின் தேவைப்படுகிறது. பூச்சி அரிப்பைத் தடுக்க வெண்காரம் முதலியவற்றால் பதப்படுத்தவும் வேண்டும். ஆகவே 'முழுதும் இயற்கை' என்னும் விளம்பரச் சொல் மூங்கிற் பலகைக்குப் பொருந்தாது. ஆயினும் முதிர்ந்த காட்டு மரத்தை வெட்டாமல் பலகை பெறுவது சிறிய நன்மையன்று.

சட்டம் கண்ட மாற்றம்

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்னும் வரையறைக்குள் வைத்திருந்தது. தாவரவியலில் மூங்கில் புல்லினம். ஆயினும் சட்டத்தின் கண்ணில் மரமாக இருந்தமையால், தன் வயலில் மூங்கில் வளர்த்த உழவரும் அதனை வெட்டவும் கொண்டுசெல்லவும் இசைவு பெற வேண்டியிருந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என வகுத்து, காடுவாழ் மக்களுக்கு அதன்மீது உரிமை அளித்தது. 2017-இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, மரம் என்னும் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே வளர்ப்பவருக்கு இதனால் தடை நீங்கிற்று.

உரிமை கிடைத்தபின் மக்கள் காட்டை அழித்துவிடுவர் என்னும் அச்சத்திற்கு மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா விடை தந்துள்ளது. கோண்டு மக்கள் வாழும் அச்சிற்றூரின் கிராம சபை, ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின்மீது சமூக உரிமை பெற்றது. 2011 ஏப்ரலில், மூங்கிலை விற்று அனுப்புவதற்கான இசைவுச் சீட்டை வழங்கும் அதிகாரமும் அச்சபைக்குக் கிடைத்தது. எவ்வளவு வெட்டுவது, யாருக்கு விற்பது என்பவற்றை ஊரே கூடி முடிவு செய்தது. விற்ற வருவாயும் ஊருக்கே வந்தது.

செய்ய வேண்டுவன

மூங்கிலை வாங்கும் துறைகளும் கட்டட வடிவமைப்பாளரும் இவ்வனுபவங்களிலிருந்து மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அறுவடைப் பதிவு. போர்ச்சுகல் மரத்தில் எழுதப்படும் ஒற்றை எண்ணைப் போல, மூங்கிற் குத்துகளிலும் வெட்டிய ஆண்டைக் குறிக்கும் எளிய முறை வேண்டும். விளைச்சல் மதிப்பீடு கோப்பிலிருந்து தொடங்காமல், குத்தில் நிற்கும் முற்றிய கழிகளை எண்ணுவதிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வெண்ணிக்கையில் ஊர் மக்களும் பங்குகொள்ள வேண்டும்.

இரண்டாவது, விலை. பேரளவில் வாங்குபவர், கூடை முடைபவர் கொடுக்கும் விலையைவிடக் குறைவாகப் பெறும் நிலை மீண்டும் ஏற்படலாகாது. பெருந்தொழிலுக்குச் சலுகை தேவைப்படுமாயின் அதனை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்டலாம். காட்டின் கணக்கில் மறைத்து எழுதலாகாது.

மூன்றாவது, பிறப்பிடம். அரசுக் கட்டடங்களுக்கு மூங்கிற் பலகை வாங்கும் ஒப்பந்தங்களில், வலிமை, தடிப்பு முதலியவற்றுடன், அம்மூங்கில் எக்காட்டிலிருந்து, எவ்வுரிமையின்கீழ் வெட்டப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். பொருளின் தரத்தைச் சோதிக்க நம்மிடம் ஆய்வகங்கள் உள்ளன. அது வந்த வழியைச் சோதிக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

விமான நிலையக் கூரையில் மூங்கிலைக் கண்டு வியக்கும் தலைமுறை வந்திருப்பது நற்குறியே. அவ்வியப்பு நிலைக்க வேண்டுமாயின், காட்டில் கத்தி எடுத்துச் செல்பவருக்கு இளங்கழியை விட்டுவைப்பதால் அடுத்த ஆண்டும் வருவாய் உண்டு என்னும் உறுதி கிடைக்க வேண்டும். அவ்வுறுதியைத் தருவதே வனத்துறை, தொழில் துறை, ஊரக வளர்ச்சித் துறை ஆகிய மூன்றின் பொதுக் கடமை.